ஸ்க்ரீன் வரைபவரும் கோட் எழுதுபவரும் சேர்ந்து வேலை செய்வது எப்படி? அஜைல் குழுவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பட்டம் முடித்தவர்கள், மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் எச்என்டிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப உயர் டிப்ளோமா படித்தவர்கள், வீட்டில் இருந்தபடியே யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் என்று நம் கிழக்கிலங்கைப் பக்கத்திலிருந்து பல வழிகளில் பிள்ளைகள் மென்பொருள் வேலைக்கு வருகிறார்கள். இவர்களில் பலர் இரண்டில் ஒன்றைத்தான் கையோடு கொண்டு வருகிறார்கள். ஒருவருக்கு ஸ்க்ரீன் வரையும் ஃபிக்மா நன்றாக வரும், இன்னொருவருக்குக் கோட் எழுதும் ரியாக்ட் நன்றாக வரும். ஆனால் வேலையில் சேர்ந்ததும் இருவரும் ஒரே ஸ்ப்ரிண்டுக்குள், அதாவது ஒரு குறுகிய வேலைச் சுற்றுக்குள், சேர்ந்து, போனில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு ஸ்க்ரீனைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதை எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசைனர் படத்தை முடித்து டெவலப்பரிடம் ஒப்படைக்கிறாரே, அந்த இடத்தில்தான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன. அந்த இடத்தை எவ்வளவு சிறியதாக்க முடியுமோ அவ்வளவு சிறியதாக்குங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்குத்தான்.

ஓர் உதாரணத்தோடு போவோம். மருதமுனையில் கைத்தறிச் சேலையும் சாரமும் நெய்து விற்கும் ஒரு கடை, போன் வழியாக ஆர்டர் எடுக்க ஒரு தளம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிசைனர் கல்லடியில் இருக்கும் ஓர் அக்கா. ஃப்ரண்ட்எண்ட், அதாவது வாங்குபவர் பார்க்கும் பக்கத்துக்கான கோட், எழுதுபவர் களுவாஞ்சிக்குடித் தம்பி. குழுவில் இன்னும் இரண்டு மூன்று பேர்.

அஜைலில் டிசைனருக்கு இடம் எங்கே?

அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு துண்டுகளாகக் கட்டி, அடிக்கடி காட்டித் திருத்தும் முறை. அஜைல் அறிக்கையை 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் கூடிய 17 பேர் எழுதினார்கள். அதில் 4 விழுமியங்களும் 12 கொள்கைகளும் உண்டு. ஒரு கொள்கையில் நல்ல வடிவமைப்பு பற்றிய பேச்சு வருகிறது. ஆனால் ஸ்க்ரீன் வரைபவர் எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அதனால் பல குழுக்களில் டிசைனரை வெளியே நிற்கும் ஆளாகவே நடத்துகிறார்கள்.

அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டி நூலில் 2020 பதிப்பைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஸ்ப்ரிண்ட் முடிவில் பயன்படுத்தக்கூடிய பொருளின் எந்தப் பகுதியைச் செய்பவரும் அங்கே ‘டெவலப்பர்’தான். படம் வரைபவரும் அதற்குள் அடக்கம். ஆகவே நீங்கள் டிசைனராகச் சேர்ந்திருந்தால் ஸ்டாண்ட்அப் என்ற 15 நிமிட தினசரிக் கூட்டத்தில் நிற்பதும் திட்டமிடலில் வாய் திறப்பதும் உங்கள் வேலையின் பகுதி. கூப்பிடவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

படி 1: வரைவதற்கு முன் ஒன்றாக உட்காருங்கள்

டிக்கெட்டில், அதாவது செய்ய வேண்டிய வேலையின் குறிப்பில், இப்படி இருக்கிறது: ‘வாங்குபவர் தன் போனிலிருந்து ஒரு சேலைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.’ இதைப் பார்த்ததும் ஃபிக்மாவைத் திறக்கவும் வேண்டாம், கோட் வைக்கப் புதிய ரெப்போ போடவும் வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்து அரை மணி நேரம் இருவரும் இருங்கள். தூரத்தில் இருந்தால் வீடியோ கால் போதும்.

பேச வேண்டியவை மிகச் சாதாரணமானவை. இந்த ஸ்க்ரீனுக்கு என்னென்ன தகவல் வர வேண்டும், அது சேர்வரிலிருந்து வருகிறதா, யாராவது கையால் பதிகிறார்களா? ஒரு சேலை ஒன்றுதான் இருக்கிறது, அதை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால்? ஆர்டர் வந்ததும் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

“அக்கா, ஆர்டரை அமத்தினதுக்குப் பிறகு விலை மாறிட்டா என்ன காட்டுறது?”

“அத நான் யோசிக்கல்ல தம்பி. இப்பவே பாப்பம்.”

இந்த இரண்டு வரிப் பேச்சு முதல் நாளே நடந்தால் தாளில் ஒரு கோடு அழித்து வரைவதோடு முடியும். ஸ்ப்ரிண்டின் கடைசி வியாழக்கிழமை நடந்தால் படமும் மாறும், தம்பி எழுதிய கோடும் மாறும், ஆட்களின் முகமும் மாறும்.

படி 2: ஒரு ஸ்க்ரீனுக்கு எத்தனை முகம் என்று எண்ணுங்கள்

புதிய டிசைனர்கள் வரைவது பெரும்பாலும் எல்லாம் சரியாக நடக்கும் நேரத்துப் படத்தை. டெவலப்பருக்கு வேண்டியது மற்ற நேரத்துப் படங்கள். பட்டியல் காலியாக இருக்கும்போது, தகவல் வந்துகொண்டிருக்கும்போது, சிக்னல் போய்விட்டபோது, ஒரே ஒரு பொருள் இருக்கும்போது, நூறு இருக்கும்போது, பெயர் மிக நீளமாக இருக்கும்போது. எல்லாவற்றையும் மெருகேற்றி வரையத் தேவையில்லை. சாம்பல் பெட்டியும் அதற்குள் எழுதிய வாசகமும் போதும். வாசகம் முக்கியம்: ‘பிழை ஏற்பட்டது’ என்று விட்டுவிடாமல், ‘இணைப்பு இல்லை. உங்கள் ஆர்டர் இன்னும் அனுப்பப்படவில்லை. மீண்டும் முயலுங்கள்’ என்று டிசைனரே எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு டெவலப்பர் தனக்குத் தோன்றியதை எழுதுவார்.

படிவங்களில் இது இன்னும் கூர்மையாகும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் நம் ஊர் ஆட்களை நினைத்துச் செய்தவை அல்ல. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் வைத்தால் முதலெழுத்தோடு தகப்பன் பெயரைச் சுருக்கி எழுதும் நம் ஆட்கள் எதை எங்கே போடுவது? ஒரே பெட்டி வைத்து ‘பெயர்’ என்று எழுதுங்கள். தொலைபேசி 10 இலக்கம். கைபேசி 07இல் தொடங்கும். ஆனால் மட்டக்களப்பு வீட்டு இணைப்பு 065, கல்முனை 067, அம்பாறை 063 என்று வரும், அவற்றைத் தவறென்று தள்ளிவிடக் கூடாது. அஞ்சல் குறியீட்டைக் கட்டாயமாக்காதீர்கள். மட்டக்களப்புக்கு 30000 என்பது பலருக்கு நினைவில் இருக்காது. முகவரிக்குக் கீழே ‘அடையாளம்’ என்று ஒரு பெட்டி கொடுங்கள். ‘பிள்ளையார் கோயிலுக்குப் பின் ஒழுங்கை, நீலக் கேட்’ என்பதை வைத்துத்தான் பொதி கொண்டுபோகும் தம்பி வீட்டைக் கண்டுபிடிப்பார்.

சேலை ஆர்டருக்கு அடையாள அட்டை இலக்கம் கேட்கத் தேவையே இல்லை. வேறொரு படிவத்தில் கேட்க நேர்ந்தால், பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016இலிருந்து வரும் புதியதில் 12 இலக்கமும் இருக்கும். இரண்டையும் ஏற்க வேண்டும்.

படி 3: முதல் நாளிலிருந்தே தமிழ் வாசகத்தை வைத்து வரையுங்கள்

நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். ஃபிக்மாவில் ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் தமிழும் சிங்களமும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கும் குழுக்கள் ஏராளம். கடைசியில் போடும்போது பட்டன் இரண்டு வரியாகும், மெனு அடுத்த வரிக்கு இறங்கும், அட்டைகளின் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். ஆங்கிலத்துக்காக வரி உயரத்தை 1.2 என்று வைத்து, பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கும்படி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்துக்கான கோட்) எழுதினால், ‘கீ’யின் சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும் மேலே வெட்டுப்படும், ‘சு’, ‘பு’ போன்றவற்றின் கால் கீழே வெட்டுப்படும். 1.5இலிருந்து 1.7 வரை வைத்துப் பாருங்கள். பட்டனுக்கும் பெட்டிக்கும் நிலையான உயரம் கொடுக்க வேண்டாம். குறைந்தபட்ச உயரமும் உள் இடைவெளியும் கொடுத்தால் வாசகம் வளரும்போது பெட்டியும் வளரும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்ல தொடக்கம். எந்தத் தடிமன்கள் வேண்டும் என்று இருவரும் பேசி இரண்டோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு தடிமனையும் தனிக் கோப்பாக இறக்கினால், வாங்குபவரின் டேட்டாவில் அதுவும் சேர்ந்துதான் போகும்.

எழுத்து எண்ணிக்கையில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘மட்டக்களப்பு’ என்பதில் நமக்கு 8 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் நீளக் கணக்குக்கு அது 12, ஏனென்றால் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. டிசைனர் ‘ஊர்ப் பெயர் 10 எழுத்து வரை’ என்று குறித்து, டெவலப்பர் பெட்டியின் அதிகபட்ச நீளத்தை 10 என்று போட்டால் மட்டக்களப்பார் தன் ஊரை முழுதாக எழுத முடியாது. தாராளமான வரம்பு வையுங்கள். கண்டிப்பாக எண்ணத்தான் வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்டல் செக்மென்டரைப் பயன்படுத்துங்கள், அது நாம் எண்ணுவதைப் போல எண்ணும்.

ஆர்டர் உறுதியானதும் போகும் எஸ்எம்எஸ்ஸும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. அந்த 70க்குள் ஆர்டர் இலக்கமும் தொகையும் கடைப் பெயரும் அடங்க வேண்டும். அந்த வாசகத்தை எழுதுவதும் டிசைன் வேலை, ஆகவே அதற்கும் டிக்கெட் போடுங்கள்.

அப்புறம், பாமினி என்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. கடைக்காரர் தரும் பொருள் விவரம் பாமினியில் தட்டிய வேர்ட் கோப்பாக வரக்கூடும். அச்சகங்களில் பழகியவர்கள் இன்னமும் அதில்தான் தட்டுகிறார்கள். அதை அப்படியே ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை வாசித்துத் திருத்தி, பிறகு ஃபிக்மாவிலும் கோடிலும் ஒரே வாசகக் கோப்பிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

படி 4: ஒரே பெயர்கள்

டிசைனர் ‘கடும் பச்சை’ என்கிறார், டெவலப்பரின் கோடில் ‘கிரீன் டூ’ என்று இருக்கிறது, இன்னொருவர் நிறக் குறியீட்டையே நேராக எழுதிவிட்டார். இந்தக் குழப்பத்துக்கு மருந்து டிசைன் டோக்கன்கள். நிறம், இடைவெளி, எழுத்தளவு ஆகியவற்றுக்குப் பெயர் வைத்து, ஃபிக்மா வேரியபிள்களிலும் சிஎஸ்எஸ் மாறிகளிலும் எழுத்துப் பிசகாமல் அதே பெயரைப் பயன்படுத்துவதுதான் முறை. பெயர் வேலையைச் சொல்லட்டும், நிறத்தைச் சொல்ல வேண்டாம். ‘முதன்மைப் பட்டன் பின்னணி’ என்று இருந்தால் நாளை கடைக்காரர் பச்சையை மெரூன் ஆக்கச் சொன்னாலும் பெயர் பொய்யாகாது. இடைவெளிக்கு 4, 8, 16, 24, 32 என்று ஒரு சிறு வரிசை போதும்.

நிறம் தெரிவுசெய்யும்போதே எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை அளந்துவிடுங்கள். டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை வழிகாட்டியின் ஏஏ மட்டத்தில் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து மடிக்கணினியில் அழகாகத் தெரியும். மட்டக்களப்புச் சந்தைக்கு வெளியே மதிய வெயிலில் போனைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

படி 5: படம் முடிய முன்பே எலும்புக்கூட்டைக் கட்டுங்கள்

தம்பி படத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாள் தாளில் வரைந்ததே போதும், நிறமில்லாத எச்டிஎம்எல் எழுதலாம். தலைப்பு, பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள், ஒரு உண்மையான பட்டன். அன்றைக்கே போனில் திறந்து அக்காவுக்கு லிங்க் அனுப்பினால், பெட்டிகளின் ஒழுங்கு சரியா, கட்டைவிரலுக்குப் பட்டன் எட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். அக்கா அதைப் பார்த்துத் தன் படத்தைத் திருத்துவார். படமும் கோடும் இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வளர வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கவனிக்கச் சில விஷயங்கள். தொலைபேசிப் பெட்டியின் வகையை ‘டெல்’ என்று கொடுத்தால் எண் விசைப்பலகை தானாக வரும். பெட்டிக்குள் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி தொட்டவுடன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். டிசைனர் இதை ‘கோடில் பிழை’ என்று நினைப்பார், உண்மையில் அது படத்தில் எடுத்த முடிவின் விளைவு. தொடும் இடம் டபிள்யூசிஏஜி 2.2இன்படி குறைந்தது 24க்கு 24 பிக்சல். ஆப்பிள் 44 என்கிறது, கூகுளின் மெட்டீரியல் 48 என்கிறது. நான் 44க்குக் கீழே போக மாட்டேன்.

திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை, அதாவது பட்டன், பெட்டி, சேலை அட்டை போன்றவற்றை, தனிக் கம்பொனென்டாக எழுதி, அவற்றைத் தனித்தனியே திறந்து காட்டும் கருவியான ஸ்டோரிபுக்கில் வையுங்கள். படி 2இல் எண்ணிய முகங்கள் ஒவ்வொன்றும் அங்கே ஒரு ஸ்டோரி ஆகட்டும். அப்போது சிக்னல் போன நிலையைப் பார்ப்பதற்காக யாரும் வைஃபையை அணைத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 6: பிரவுசரில் பாருங்கள், ஸ்க்ரீன்ஷாட்டில் பார்க்காதீர்கள்

ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும், அதாவது கோடில் செய்த மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைக்கும், ஒரு முன்னோட்ட லிங்க் வரும்படி செய்யுங்கள். நெட்லிஃபை, வெர்செல் போன்ற தளம் ஏற்றும் சேவைகளில் இது எளிது. டிசைனரின் ஒப்புதல் அந்த லிங்கைப் போனில் திறந்து பார்த்த பிறகுதான். பார்க்கும்போது இருவரும் சேர்ந்து பாருங்கள். அக்கா சுட்டிக்காட்ட, தம்பி அங்கேயே மாற்ற, பத்து நிமிடத்தில் முடிகிற காரியத்தைப் பதினைந்து கமெண்டாக எழுதி இரண்டு நாள் இழுக்க வேண்டாம்.

டிசைனர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரவுசரின் டெவலப்பர் கருவிகளைத் திறக்கப் பழகுங்கள். ஒரு பட்டன் மீது வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தால் அதன் இடைவெளி, நிறம் எல்லாம் பக்கத்தில் தெரியும். எண்ணை நீங்களே மாற்றிப் பார்த்து, ‘இதை 12இலிருந்து 16 ஆக்கினால் சரியாக இருக்கிறது’ என்று சொல்லுங்கள். ‘கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது’ என்பதைவிட அது டெவலப்பருக்கு ஆயிரம் மடங்கு உதவும். அதே கருவியில் அகலத்தை 320 பிக்சலாகக் குறைத்தும், நெட்வொர்க்கை மெதுவாக்கியும் பாருங்கள்.

டெவலப்பர்களுக்கும் ஒன்று. படத்தோடு பிக்சல் பிக்சலாக ஒத்திருப்பதை இலக்காக வைக்காதீர்கள். படத்தில் இருக்கும் நோக்கத்தைப் பிடியுங்கள். எங்கே மாற்ற வேண்டி வந்தாலும் மாற்றிவிட்டு, மாற்றியதை அன்றே சொல்லுங்கள்.

படி 7: டிசைனர் எவ்வளவு முன்னால் ஓடலாம்?

டிசைனர் ஒரு ஸ்ப்ரிண்ட் முன்னால் வரைய, டெவலப்பர் சென்ற ஸ்ப்ரிண்டில் வரைந்ததைக் கட்டும் முறை ஒன்று உண்டு. கனடாவின் டொராண்டோவில் ஏலியஸ் நிறுவனத்தில் இருந்த லின் மில்லர் 2005இல் இதை விளக்கிக் காட்டினார். பல இடங்களில் இன்றும் இப்படித்தான் நடக்கிறது. பெரிய பொருளுக்கு இது தேவைப்படலாம். ஆனால் நான்கைந்து பேர் குழுவில் இதை அப்படியே எடுத்தால் பழைய ஒப்படைப்பு முறை இரண்டு வாரத் துண்டுகளாகத் திரும்பி வந்துவிடும். கோட் எழுதும்போது கேள்வி எழுந்தால் டிசைனரின் மனம் ஏற்கனவே வேறு ஸ்க்ரீனில் இருக்கும்.

சிறு குழுவுக்கு என் பரிந்துரை: அடுத்த ஸ்ப்ரிண்டில் வரப்போவதைக் கரட்டுப் படமாக மட்டும் சில நாள் முன்னால் வரைந்து வையுங்கள், யாரிடமாவது காட்டிக் கேட்டும் விடுங்கள். நுணுக்கமெல்லாம் கட்டும் ஸ்ப்ரிண்டுக்குள்ளேயே நடக்கட்டும். டிசைனுக்கு ஒரு டிக்கெட், கோடுக்கு ஒரு டிக்கெட் என்று பிரிக்காமல் ஒரே டிக்கெட்டில் இருவர் பெயரும் இருக்கட்டும். அது முடிந்தது என்று சொல்ல என்னென்ன வேண்டும் என்பதையும் குழுவாக எழுதி வையுங்கள்: தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பார்த்தாயிற்று, 320 பிக்சலில் உடையவில்லை, பிழை நிலைகள் வேலை செய்கின்றன, விசைப்பலகையால் மட்டும் ஆர்டர் கொடுக்க முடிகிறது, டிசைனர் உண்மையான போனில் பார்த்தாயிற்று.

படி 8: வாங்குகிறவர் கையில் கொடுங்கள்

செய்ததைக் குழு காட்டும் ஸ்ப்ரிண்ட் ரிவ்யூவுக்கு முன் மூன்று நான்கு பேரிடம் காட்டினாலே பெரிய தடங்கல்கள் வெளிப்படும். இரண்டு பேருமே போங்கள். போனைக் கொடுத்து, “இதுல ஒரு சேலைய ஆர்டர் பண்ணிப் பாருங்க மாமி” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எதை இரண்டு தடவை வாசிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உதவத் துடிக்கும், உதவ வேண்டாம். டெவலப்பர் இதைக் கண்ணால் பார்ப்பது மிக முக்கியம். தான் எழுதிய பெட்டியில் ஒரு தாய் திணறுவதைப் பார்த்தவருக்கு அதை ஏன் மாற்ற வேண்டும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

தூரத்தில் இருந்து வேலை செய்பவர்களுக்கு

கொழும்புக் குழுவுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறீர்கள் என்றால் பேசியதை எல்லாம் டிக்கெட்டில் இரண்டு வரியாவது எழுதுங்கள். மாறிய ஸ்க்ரீனை ஒரு நிமிட வீடியோவாகப் பதிந்து போடுங்கள். மாரி காலத்தில் கரண்டும் இணைப்பும் போகிற நாட்கள் வரும். ஆகவே செய்ததை ஒவ்வொரு நாள் மாலையும் ரெப்போவுக்குப் புஷ் செய்துவிடுவது, கரட்டுப் படத்தைப் போனில் ஒரு பிரதி வைத்திருப்பது நல்ல பழக்கம். முடிந்தால் முதல் ஸ்ப்ரிண்டின் சில நாட்களுக்கு உதயதேவி ரயிலில் ஏறிப் போய் அவர்களோடு ஒரே மேசையில் இருந்து வேலை செய்யுங்கள். அதன் பிறகு வீடியோ காலில் பேசுவது மிகவும் எளிதாகிவிடும்.

இன்னும் வேலை கிடைக்காதவர்கள் சிறு வேலை ஒன்றைச் சேர்ந்தே செய்து பார்க்கலாம். டிசைன் தெரிந்த ஒருவரும் கோட் தெரிந்த ஒருவரும் சேர்ந்து, ஊரில் உள்ள ஒரு கடைக்கு அல்லது விளையாட்டுக் கழகத்துக்கு ஒரே ஒரு ஸ்க்ரீன் செய்யுங்கள். போர்ட்ஃபோலியோவில் முடிந்த படத்தை மட்டும் போடாமல் முதல் தாள், எலும்புக்கூட்டு லிங்க், தமிழ் போட்டபோது உடைந்த இடம், அதைச் சரிசெய்த புல் ரிக்வெஸ்ட் எல்லாவற்றையும் வரிசையாகப் போடுங்கள். யார் எதை முடிவு செய்தார் என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் கேள்விகள் அந்த வரிகளிலிருந்து வரும்.